கத்திரி குத்திய முத்திரை

இன்சூரன்ஸ் ஆபீசில் அவருக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். கார் இடித்துவிட்டது, கடை எரிந்துவிட்டது, குழாய் வெடித்துக் கட்டில் பீரோ எல்லாம் ஊறிவிட்டது என்று ஜனங்கள் அனுப்பும் படங்களை உற்று உற்றுப் பார்த்து, எது நிஜம், எது போன வருஷத்துப் பள்ளத்தை இந்த வருஷமும் காட்டுகிற சாமர்த்தியம் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இதையே செய்து செய்து மனுஷருக்கு எதைப் பார்த்தாலும் மூக்கு வியர்க்கும். மனைவி தலை வலிக்கிறது என்றால்கூட, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்.

அப்படிப்பட்டவர் மனசு லேசாகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. போனில் ஒரு குரூப். நாற்காலி, விளக்கு, கதவுக் கைப்பிடி, படிக்கட்டு, கடைப் பலகையின் எழுத்து என்று மனிதர் கையால் அழகாகச் செய்யப்பட்ட எதையும் படமெடுத்துப் போடலாம். ஓவியர்கள், கட்டடக் கலைஞர்கள், ஒரு கோடுகூட நேராகப் போடத் தெரியாமல் பார்த்து ரசிக்க மட்டும் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். இவர் மூன்றாவது வகை. அங்கே யாரும் சொந்தப் பெயரில் வரக்கூடாது. ஆளைப் பார்க்காமல் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவர் முதன்முதலில் போட்டது தையல்காரரின் கத்திரியை. அதனால் அங்கே இவர் பெயர் கத்திரி. பிறகு மூன்று அட்மின்களில் ஒருவராகி, தகுதியில்லாத படங்களை வெட்டித் தள்ள ஆரம்பித்ததும் அந்தப் பெயர் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆகிவிட்டது.

திருட்டுப் படம் என்றால் கத்திரிக்கு அறவே ஆகாது. அடுத்தவன் எடுத்ததைத் தன்னுடையது என்று போடுகிறவர்களுக்காகவே 'திருட்டு' என்று எழுதிய சிவப்புப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். படத்தை நீக்கமாட்டார்கள். பட்டையைக் குறுக்கே ஒட்டி, நாலு பேர் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். போட்டவருடைய பக்கத்தின் உச்சியிலும் அது நிற்கும், அவர் அதற்குப் பிறகு குரூப்புக்குள் வரமுடியாது. ஒருமுறை குத்திய முத்திரையை எடுப்பதில்லை என்பதும் அவர் சண்டை போட்டு வாங்கிய விதி. மாட்டிக்கொண்டவன் எல்லாம் அழுதுகொண்டு வந்து நிற்பான், இரக்கப்பட்டால் குரூப்பை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று அவர் வாதாடியபோது மற்ற இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் கண்ணாடி என்கிற பெண்மணி மட்டும், பொய்யாகக் குற்றம் சாட்டினால் அந்த முத்திரை சாட்டியவருக்கே போகட்டும், அப்படியென்றால் மட்டும் சம்மதம் என்றார். தாராளமாக என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார் கத்திரி.

அந்தக் குரூப்பில் 'மூலை' என்று ஒருவர் இருந்தார். சுவரும் சுவரும் சேருகிற இடம், மேஜையின் முனை, அலமாரிக்கு அடியில் வெளிச்சம் நுழைகிற இடுக்கு, இப்படித்தான் போடுவார். கத்திரி அந்தப் படங்களுக்கு அடிமை. வழக்கமாக ஒரு வார்த்தை எழுதவே யோசிப்பவர், மூலைக்கு மட்டும் நாலு வரிக்குக் குறையாமல் எழுதுவார். 'நாங்கள் பார்த்துவிட்டுப் போகிற இடத்தில் நீங்கள் நின்று பார்க்கிறீர்கள்' என்று ஒருமுறை எழுதினார். வீட்டில் சாப்பிடும்போதும் மூலையைப் பற்றித்தான் பேச்சு. அவருக்குக் கண் வேறு மாதிரி, பெரிய இடத்துக்குப் போகப்போகிற ஆள் என்று சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வார். எதிரே மகள் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த மூலை அவருடைய மகள்தான். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

காலேஜ் படிக்கும்போது அவள் வரைந்தவற்றை அப்பாவிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். அவர் 'ம்' என்பார். ரொம்ப உற்சாகமாக இருந்தால் இடது பக்கம் கொஞ்சம் காலியாக இருக்கிறது என்பார். அதோடு சரி. நிறுத்திக்கொண்டாள். படிப்பு முடிந்து ஒரு கூரியர் கம்பெனியில், பார்சல் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலையில் சேர்ந்தாள். ஆனால் போனில் படம் எடுப்பதை விடவில்லை. அப்பா குரூப்பில் புதுப்பெயரில் நுழைந்தாள். முதல் படத்துக்கே நாலு வரி வந்ததைப் படித்துவிட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்று அவள் அம்மா பிறகு சொன்னாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைகளின் உள்ளலங்காரம் செய்யும் நிறுவனம் ஒன்று, எங்களுக்கு சர்டிபிகேட் வேண்டாம், அந்தக் குரூப்பில் உங்கள் பக்கத்தைக் காட்டுங்கள் போதும் என்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. மகள் விண்ணப்பித்திருந்தாள். வார இறுதிக்குள் எல்லாருடைய பக்கத்தையும் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கூரியர் ஆபீசின் வசவுகளிலிருந்து தப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். தன் படங்களிலேயே சிறந்தது என்று அவள் நினைத்த ஒன்றை, அவர்கள் கண்ணில் படட்டும் என்று ஒருநாள் காலை போட்டாள். தரையில் படுத்து, மேலே பார்த்து எடுத்த ஒரு படிக்கட்டு. கைப்பிடிக் கம்பி மாடிக்கு மாடி சுற்றிக்கொண்டு போக, அதன் நிழல் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு இறங்கும்.

கத்திரி ஆபீசில் பார்த்தார். தலைகால் புரியவில்லை. நாலு வரி எட்டு வரியாயிற்று. படத்தைக் குரூப்பின் முகப்பிலேயே வைத்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர், இதை எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதே என்று எழுதினார். அவ்வளவுதான், இவருக்கு மூக்கு வியர்த்தது. படத்தை வைத்துத் தேடிப் பார்த்தார். சுவரில் மாட்டும் படங்கள் விற்கிற ஒரு பக்கத்தில் அதே படிக்கட்டு இருந்தது. தேதியும் பழையது.

நடந்தது இதுதான்: மகள் ரொம்ப நாளைக்கு முன் அந்தப் படத்தை வேறொரு சின்னத் தளத்தில் போட்டிருந்தாள். அங்கிருந்து எவனோ சுட்டுவிட்டான். அந்தத் தளமும் மூடப்பட்டுப் போய்விட்டது. ஆகவே திருடன் முந்தினவனாகவும் எடுத்தவள் பிந்தினவளாகவும் நின்றார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். ஒரிஜினல் இருக்கிறதா, அனுப்புங்கள் என்று தனியாக எழுதிக் கேட்டுவிட்டு ஒருநாள் காத்திருப்பது கத்திரி எப்போதும் செய்கிற காரியம். படு அயோக்கியன் என்று தெரிந்தவனிடம்கூடக் கேட்டிருக்கிறார். மூலையிடம் கேட்கவில்லை. எட்டு வரி எழுதியவருக்கு அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. முட்டாளாக்கப்பட்டுவிட்டோம் என்ற கோபத்தில் உட்கார்ந்த இடத்திலேயே முத்திரையைக் குத்தினார். கீழே, 'கண் உள்ளவர் என்று நம்பினேன். கைதான் நீளம் என்று இப்போது தெரிகிறது' என்றும் எழுதினார். அதற்குக் கிடைத்த கைதட்டல், மூலையின் எந்தப் படத்துக்கும் கிடைக்காதது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஊரில் யாரையும் நம்ப முடியவில்லை என்றார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"யாரைத் திருடின்னு எழுதியிருக்கீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அது யாரா இருந்தா என்ன?"

"உங்க பொண்ணு. அந்தப் படத்துல இருக்கிறது நம்ம வீட்டுப் படி. தினமும் மூச்சு வாங்க ஏறி வர்றீங்களே, அதே படிதான்."

அவர் கதவைத் திறந்துகொண்டு போய் எட்டிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் அது வெறும் படிக்கட்டுதான். கீழே இறங்கி, அண்ணாந்து, கழுத்து வலிக்க நின்ற பிறகுதான் கம்பி சுற்றுவது தெரிந்தது. குப்பைப் பையோடு வந்த கீழ்வீட்டு அம்மாள், உங்கள் மகளும் ஒருநாள் இப்படித்தான் மேலே பார்த்துக்கொண்டு இங்கே படுத்துக்கிடந்தாள், மயக்கம் போட்டுவிட்டாளோ என்று பயந்துபோனேன் என்றார்.

மகள் பழைய போனைக் கொண்டுவந்து ஒரிஜினல் படத்தைக் காட்டினாள். அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. "கேட்டிருந்தா காட்டியிருப்பேன். எல்லாரையும் கேப்பீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த மனுஷர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சத்தம் போடாமல் முத்திரையை எடுத்துவிடலாமா என்று கண்ணாடிக்குத் தனியாக எழுதினார். அழுதுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் இரக்கப்பட்டால் குரூப்பை மூட வேண்டியதுதான் என்று நீங்கள் சொன்னதாக ஞாபகம் என்று பதில் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். படம் விற்கிற பக்கத்துக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினார். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, முதல் முறை வாங்குவோருக்குத் தள்ளுபடி உண்டு என்று அடுத்த நொடியே பதில் வந்தது. தளத்தை நடத்துகிற கம்பெனிக்குப் புகார் செய்தார். படத்துக்கு உரிமையுள்ளவர் மட்டுமே புகார் செய்யலாம், அவருடைய அப்பா செய்ய முடியாது என்றார்கள். மகளிடம் போய் நின்றார். குத்தினது நீங்கள், எடுக்க வேண்டியதும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். ஆபீசில் எத்தனை பேர், சார் இது நிஜமாகவே என் வீடுதான், என்னுடைய நஷ்டம்தான் என்று அவர் முன்னால் வந்து நின்றிருப்பார்கள். அவர்கள் முகமெல்லாம் இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்து எரிச்சலைக் கிளப்பியது.

கடைசியில் குரூப்பில் பகிரங்கமாக எழுத உட்கார்ந்தார். இயந்திரத் தேடலில் நேர்ந்த பிழையால் என்று ஆரம்பித்து, மற்ற அட்மின்களின் சம்மதத்துக்கு அனுப்பினார். ஆணி என்கிற மூன்றாவது அட்மின் நிஜத்தில் தச்சர், சுற்றி வளைப்பது அவருக்குப் பிடிக்காது. இது யாருடைய பிழை என்று ஒரே கேள்வியோடு திருப்பி அனுப்பினார். கவனக்குறைவு காரணமாக என்று மாற்றினார் கத்திரி. அதுவும் திரும்பி வந்தது. வார இறுதி நெருங்கிக்கொண்டிருந்தது. 'மூலை திருடவில்லை. நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் பழி போட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை திரும்பி வரவில்லை. சிவப்புப் பட்டை மூலையின் பக்கத்திலிருந்து இறங்கிக் கத்திரியின் பக்கத்தில் ஏறிக்கொண்டது. முத்திரை விழுந்தவர் குரூப்புக்குள் வரமுடியாது என்பதும் அவர் போட்ட விதிதான். கதவு சாத்திக்கொண்டது. முன்பு அவரிடம் வெட்டு வாங்கியவர்களெல்லாம் வாசலில் நின்று கொண்டாடியிருப்பார்கள். அதைப் பார்க்கிற கொடுப்பினைகூட அவருக்கு இல்லை.

சரி, வேலையாவது கிடைத்ததா என்றால், இல்லை. நிறுவனத்துக்காரர்கள் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே எல்லாப் பக்கங்களையும் பார்த்து முடித்திருந்தார்கள். முத்திரை நின்ற நேரத்தில் மூலையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்து வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. நேரில் போய் நியாயம் கேட்கிறேன் என்று அப்பா செருப்பை மாட்டினார். எனக்காக யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்று மகள் தடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவர் போனை எடுப்பார், உள்ளே போக முடியாது, வைத்துவிடுவார். மூலை இப்போது என்ன போடுகிறாள் என்பது குரூப்பில் இருக்கிற முகம் தெரியாத ஆயிரம் பேருக்கும் தெரியும், அடுத்த அறையில் இருக்கிற அவருக்குத் தெரியாது. மனைவியிடம் ஜாடையாகக் கேட்டார். உங்கள் மகள்தானே, நீங்களே கேளுங்கள் என்றாள் அவள். அவர் மகளின் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய மகள் என்ன நினைத்தாளோ, போனை அவர் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். திரையில் கூரியர் ஆபீசின் கவுன்ட்டர். பார்சல்களை இழுத்து இழுத்து மரத்தின் விளிம்பு ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ம். நல்லா இருக்கு" என்றார்.

"அவ்வளவுதானாப்பா? அங்க நாலு வரி எழுதுவீங்களே."

"அங்க அது நீன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார் அவர்.

அவள் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.