முடியும்வரை காட்டாத திருத்தம்

எமிலுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வழிதான். வுப்பர்டாலில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவன் கட்டாயம் ஒரு கம்பனியில் பயிற்சி செய்தாக வேண்டும். பிராக்டிகும் என்பார்கள். பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டிக் கொடுத்துவிட்டது. 2005 இலையுதிர்காலத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் பெயரை வெட்டிவிடும். அவனுடைய புள்ளிகளைப் பார்த்த கம்பனிகள் பதில்கூடப் போடவில்லை. பிராங்பேர்ட்டில் ஒரு சின்னக் கம்பனியின் பொறுப்பாளர் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார்.

"புள்ளி கிடக்கட்டும். யாரும் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஏதாவது ஒன்றில் உன் பெயரில் ஒரு திருத்தம் ஏறியிருக்கட்டும். செப்டெம்பரில் வந்து காட்டு. இடம் தருகிறேன்."

திருத்துவதற்கு எமிலிடம் ஒரு பிழை தயாராக இருந்தது. அவன் தகப்பன் யாகோப்பு தமிழ்ப் பூசைக்கான செபத்தாளை அப்படியான இலவச எழுத்து மென்பொருள் ஒன்றில்தான் அடிப்பார். அச்சில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம்.

"உதைப் பாத்துச் செபிச்சால் மாதாவுக்கே விளங்காது," என்றார் யாகோப்பு.

எமில் இறங்கினான். வகுப்பில் படித்த நிரல் இருநூறு வரி. இதில் லட்சக்கணக்கான வரிகள். எந்த மூலையில் கொம்பு உடைகிறது என்று பிடிக்கவே மாசிமாதம் முடிந்துவிட்டது. ஒரு வரியை மாற்றிக் கணினி ஓட்டக்கூடிய வடிவாக்கக் கம்பைலுக்குப் போட்டால், குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் முடிந்திராது. ஆனால் சித்திரைக்குள் 'கொ' ஒழுங்காக வந்துவிட்டது. 'கௌ' மட்டும் வரவில்லை.

அதை அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். அந்த உலகத்தின் வழக்கம் அதுதான். அரைகுறையை, மென்பொருளை எழுதுகிற குழுவின் பொது அஞ்சலில் போடு, நாலுபேர் கிழிக்கட்டும், திருத்திப் போடு. எமில் அந்த விதியை வாசித்திருந்தான். வாசித்து என்ன? அவன் வளர்ந்த வீட்டில் வேறு விதி. விசா கையில் வரும்வரை வாய் திறக்கக்கூடாது. கலியாணம், வேலை, பிள்ளை, எல்லாமே முடிந்த பிறகுதான் சனத்துக்குத் தெரியவேண்டும். அகதி முகாமில் "எனக்குச் சரிவந்திட்டுது" என்று முதல்நாளே சொன்ன ஒருவரை மறுமாதம் பொலிஸ் விமானத்தில் ஏற்றியதைத் தாய் அன்ரனிற்றா கண்ணால் கண்டவள். விண்ணப்பத்தை நிராகரித்தது அலுவலகம். பழி சனத்தின் கண்ணுக்குப் போனது.

"முடியட்டும் தம்பி. அதுக்கு முன்னம் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கண்ணூறு பொல்லாதது," என்றாள் அன்ரனிற்றா.

கூடப் படித்த சஞ்சயன் சும்மா விடவில்லை. எமில் திரையில் இருந்த நிரலை மறைப்பதைக் கண்டு சிரித்தான்.

"என்னடா, ஒளிச்சு ஒளிச்சு பொம்பிளையே பாக்கிறாய்?"

"முடிச்சிட்டுக் காட்டுறன்."

"விசரா, குழுவிலை போடு. திட்டுவாங்கள்தான். திட்டினால்தானே வேலை நடக்கும்."

"அரைகுறையை என்ரை பேரிலை போட ஏலாது."

குழுவின் அஞ்சல்களையும் எமில் திறப்பதில்லை. அதில் ஆளுக்காள் கிழிபடுவதைப் பார்த்தால் அவனுக்குக் கை ஓடாது. எல்லாம் ஒரு கோப்புறையில் வாசிக்காமலே குவிந்தன.

ஆவணி நடுவில் 'கௌ'வும் சரிவந்தது. ஒரு பிழை இல்லை. அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது. "நன்றி. இது ஆனியிலேயே திருத்தப்பட்டுவிட்டது."

குவிந்து கிடந்ததை அன்றுதான் திறந்தான். மியூனிக்கில் ஆராய்ச்சி செய்யும் சுபத்ரா என்ற இந்தியப் பெண் வைகாசியில் ஒரு திருத்தம் போட்டிருந்தாள். படுமோசமானது. 'கொ' வந்தால் 'கே' போய்விடும். ஆறுபேர் கிழித்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு கிழிப்புக்கும் நன்றி சொல்லி மாற்றி மாற்றிப் போட்டு, ஏற்றிவிட்டாள்.

அவளே அவனுக்குத் தனியாக எழுதினாள். "எமில், உங்க கோட் என்னோடத விட க்ளீனா இருக்கு. அதுல ஏப்ரல் தேதி இருக்கு. அப்பவே குழு லிஸ்ட்ல ஒரு வரி போட்டிருந்தா சேர்ந்தே பண்ணியிருக்கலாமே. ஏன் போடல?"

எமில் அந்த அஞ்சலையும் அதே கோப்புறைக்குள் தள்ளினான்.

வேறு பிழை தேடித் திருத்தி ஏற்ற நாள் இல்லை. ஏறிய திருத்தம் ஒன்றும் இல்லாமலே பிராங்பேர்ட்டுக்குப் போனான். அச்சடித்த தன் நிரலை மேசையில் வைத்தான். பொறுப்பாளர் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாயிருக்கிறது. இதை எத்தனைபேர் பார்த்தார்கள்?"

"நீங்கள்தான் முதல்."

அவர் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தேவை பக்கத்து மேசைக்காரனிடம் பிழையைக் காட்டுகிற ஆள்."

வீட்டில் அன்ரனிற்றா விசாரித்தது ஒன்றைத்தான். "ஆருக்கடா சொன்னனி? அந்தச் சஞ்சயனுக்கே?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா."

அவள் நம்பவில்லை.

ஐப்பசியில் பல்கலைக்கழகம் பெயரை வெட்டியது. எமில் பொதி பிரிக்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த கிழமை, குழுவிலிருந்து விலகும் பக்கத்தைத் திறந்தான். காரணம் எழுத ஒரு பெட்டி இருந்தது. விரும்பினால் மட்டும் நிரப்பலாம். அதை வெறுமையாக விட்டு அழுத்தினான்.