ஆரோக்கியம் அடித்த தட்டு

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் பிளேக் பரவிய வருடம். கூலிகளின் குடிசை வரிசையான எங்கள் லைனில் தமிழர், தெலுங்கர், கிறிஸ்தவர்களான வேதக்காரர் எல்லாரும் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தோம். யார் வீட்டில் எலி செத்து விழுந்தாலும் உடனே தட்டை அடிக்க வேண்டும். லைனே குடிசைகளைக் காலி செய்து மைதானத்துக்குப் போய்விட வேண்டும். முதலில் சரியென்றவன் நான்தான்.

முதல் எலியும் என் வீட்டில்தான் விழுந்தது. நான்கு நாளில் மகளுக்குக் கல்யாணம்; பந்தல்கூடப் போட்டாயிற்று. எலியை முறத்தில் அள்ளிப்போய்க் குப்பைமேட்டில் புதைத்துவிட்டேன்.

திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் தட்டை அடித்தாள். "எங்க வூட்ல எலி செத்துப் போச்சு, கெளம்புங்க!"

"கல்யாண நேரத்துல உன் வூட்லதான் எலி வுழணுமா?" என்று என் மனைவி அவளை ஏசினாள். நான் பாத்திரங்களை மூட்டை கட்டினேன்.

மைதானத்தில் ஆரோக்கியம் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மொறத்துல எலியோட நீ போனத பாத்தேண்ணா. எங்க வூட்ல எலியே இல்ல. வுடு, கல்யாணத்த இங்கியே வெச்சிக்கலாம்."

லைனே சேர்ந்து அங்கே பந்தல் போட்டது. ஆரோக்கியம்தான் பந்தி பரிமாறினாள். அப்படியொரு கல்யாணத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை. எங்கள் லைனில் ஒரு சாவும் விழவில்லை.

"அவ வூட்டு எலியாலதான் பொண்ணுக்கு மைதானத்துல தாலி ஏறிச்சு" என்று என் மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் மறுக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: அது எங்கள் வீட்டு எலி.