ஜெராய் மலையில் சொன்ன வியாதி

ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட்டுப் பக்கம் போய் அந்தோணிராஜ் வீடு எது என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். டிரஸ்ஸர் வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். அந்த ஊர் ஆசுபத்திரி ஒன்றில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்தி, வெள்ளைக்கார டாக்டர் துரை எழுதித் தரும் மருந்தைக் கலந்து கொடுத்து வந்தவர் அவர். துரையிடம் போகப் பயந்தவர்கள் சாயங்காலத்தில் அவர் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். நாக்கை நீட்டச் சொல்வார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார், இரண்டு வார்த்தை சொல்வார். அந்த இரண்டு வார்த்தைக்கு அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் அவர் பட்ட பாடெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

நாலு வீடு தள்ளித் தாயார் அமலம்மாளுடன் குடியிருந்தவன் ஆர்தர். டிரஸ்ஸரைவிடப் பத்து வயதாவது இளையவன். கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பந்து விளையாடுவான், சவேரியார் கோயில் பாடகர் குழுவில் அவன் குரல் தனியாகக் கேட்கும். அவன் ஆபீஸ் சன்னலிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால், வடக்கே, கெடாவின் ஜெராய் மலை தெரியும். தெளிந்த நாளில் நீலமாக நிற்கும், மற்ற நாளில் பாதி மேகத்துக்குள் இருக்கும். தினமும் பார்க்கிற அந்த மலையின் உச்சியில் ஒருமுறை நின்று, அங்கிருந்து ஜார்ஜ் டவுன் இருக்கும் இந்தத் தீவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆலிஸ் என்ற பெண்ணோடு அவனுக்கு நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். அதற்கு முன்னால் மலைக்குப் போய்வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

1922-ஆம் வருஷம், சீனப் பெருநாள் விடுமுறையில், கோயில் வாலிபர் சபையிலிருந்து ஐந்தாறு பேர் புறப்பட்டார்கள். காட்டில் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர்கள் கேட்கவே, டிரஸ்ஸரையும் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தொந்தி விழத் தொடங்கியிருந்தது. இளைஞர்கள் எதிரில் முடியாது என்று சொல்ல மனம் வராமல் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கடலைத் தாண்டி எதிர்க்கரையிலுள்ள பிறை ஊரில் ரயிலேறி, குருண் ஊரில் இறங்கி, அன்று அங்கேயே தங்கினார்கள். மறுநாள் காலையில் வழிகாட்டி வந்து சேர்ந்தான். பெயர் நூர் முகம்மது. தகப்பன் நாகூர்க்காரர், தாய் கெடா மலாய்க்காரி. மலையில் பிரம்பு வெட்டிப் பிழைத்ததால் வழியெல்லாம் தெரியும். தமிழும் மலாயும் கலந்து பேசுவான், அதுவும் குறைவாகத்தான். அவனும் மூட்டை தூக்க வந்த ஆட்களும் பாராங் கத்தியால் செடிகொடிகளை வெட்டிக்கொண்டு முன்னே போக, மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள்.

முதல் நாள் ஏற்றம் சிரமமாக இருந்தாலும் பாட்டும் சிரிப்புமாகப் போயிற்று. ஓர் ஓடைக் கரையில் தங்கினார்கள். இரண்டாம் நாள்தான் மலை தன் முகத்தைக் காட்டியது. மண் பாதை முடிந்து பாறை வந்தது. ஓரிடத்தில் சரிந்து கிடந்த வழுக்குப் பாறையைக் குறுக்கே கடக்கவேண்டும். கீழே ஆழம், பனிமூட்டத்தில் அடி தெரியவில்லை. டிரஸ்ஸரின் கால் அங்கே வழுக்கியது. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினார். நூர் முகம்மது சட்டென்று திரும்பி அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். முன்னால் போனவர்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு டிரஸ்ஸர் கையில் கிடைத்த வேரையும் செடியையும் பிடித்துக்கொண்டே ஏறினார். உச்சிக்குச் சற்றுக் கீழே, குட்டை மரங்கள் நிற்கும் ஒரு சமதளத்தில் இரண்டாம் நாள் தங்கினார்கள். நாளைக்கு உச்சி என்றான் நூர் முகம்மது. அதற்கு முன் இன்று பார்த்ததைவிடப் பெரிய பாறை ஒன்று இருக்கிறது, பிரம்பைக் கயிறுபோலக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும் என்றும் சொன்னான்.

டிரஸ்ஸருக்கு உறக்கம் வரவில்லை. தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மிஞ்சினால் ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் கேலி பேசியிருப்பார்கள். அந்தக் கேலியைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காலையில் ஆர்தர்தான் முதலில் எழுந்தான். தண்ணீர் கொண்டுவரச் சரிவில் இறங்கி ஓடி, தகரத்தை நிரப்பிக்கொண்டு ஓட்டமாகவே மேலே வந்தான். வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தடவி, எப்படி அடிக்கிறது பாருங்கள் என்றான். அப்படிச் சுமையோடு மேட்டில் ஓடி வந்தால் யார் நெஞ்சும் அப்படித்தான் அடிக்கும். டிரஸ்ஸர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு உட்காரச் சொல்லி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். தாம் என்ன சொல்லப் போகிறோம் என்று அதுவரை அவருக்கே தெரியாது என்றுதான் பின்னாளில் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது உண்மையா என்பதும் அவருக்கு நிச்சயமில்லை.

"தம்பி, நீ மேல போகக்கூடாது. ஹார்ட்டு வீக்கா இருக்கு. இதுக்கு மேல ஏறினா ஆபத்து," என்றார்.

ஆர்தர் மெதுவாக, ஓடி வந்ததால்தான் அப்படி என்று சொல்லிப் பார்த்தான். டிரஸ்ஸர் இல்லை என்று தலையை ஆட்டினார். நூர் முகம்மது, இன்று முழுவதும் இங்கேயே இருந்து பார்க்கலாமே, நாளைக்கு ஏறலாம் என்றான். நாளைக்கும் தாம் ஏறவேண்டியது அதே பாறைதான் என்று டிரஸ்ஸருக்குத் தெரியும். உடனே கீழே இறங்குவதுதான் நல்லது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஆர்தர் உச்சியிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் போய்வரச் சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினான். துணைக்கு ஒரு சுமை தூக்கியும் வந்தான். இறங்கும் வழியில் அந்த வழுக்குப் பாறையில் டிரஸ்ஸரின் கையைப் பிடித்துக் கடத்திவிட்டவன் ஆர்தர்தான்.

மற்றவர்கள் உச்சியைப் பார்த்துவிட்டுக் குருணுக்கு வந்து சேர்ந்தார்கள். தீவு முழுவதும் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது என்று சொன்னார்கள். ஆர்தர் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் விஷயத்தை அப்படியே விட்டுவிட்டால் மறந்துபோகும் என்று டிரஸ்ஸர் எண்ணியிருந்தார். அமலம்மாள் விடவில்லை. அன்று மாலையே வந்து அவர் கையைப் பிடித்து அழுதாள். என் பிள்ளையைச் சாவிலிருந்து கூட்டி வந்தீர்கள் என்றாள். பெரிய டாக்டரிடம் காட்டவேண்டுமா என்று கேட்டாள். காட்டினால் பொய் வெளியே வந்துவிடும். வேண்டாம், ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், நானே மருந்து தருகிறேன் என்றார். ஓமவாட்டரில் சர்க்கரைப் பாகும் கொஞ்சம் சிவப்புச் சாயமும் கலந்து ஒரு சீசாவில் கொடுத்தார். அது முடிந்ததும் அடுத்த சீசா. அதற்குப் பதிலாக அவர் வீட்டுக்கு மீனும் பழமும் வந்துகொண்டே இருந்தன. அவர் மனைவி ரோசலின் அவற்றைச் சந்தோஷமாக வாங்கி வைத்தாள். சாப்பிட உட்காரும்போது அவர் அவற்றைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஆர்தர் பந்து விளையாடுவதை நிறுத்தினான். உரக்கப் பாடினால் நெஞ்சுக்கு ஆகாதோ என்று பாடகர் குழுவிலிருந்தும் விலகினான். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு சாயங்காலம் டிரஸ்ஸர் வீட்டுக்கு வந்தான். ரோசலின் உள்ளே போகும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, நான் கல்யாணம் பண்ணலாமா? உண்மையச் சொல்லுங்க."

பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்தச் சாயங்காலம் போதும். இப்போது சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும். ஆனால் இரண்டு மாதத்தில் சரியாகிற இருதய வியாதி உண்டா என்று யாராவது கேட்டால்? டிரஸ்ஸர் சீசாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்ச நாள் பொறு தம்பி," என்றார்.

ஆர்தர் பொறுக்கவில்லை. ஒரு பெண்ணை விதவையாக்க எனக்கு இஷ்டமில்லை என்று ஆலிஸ் வீட்டாரிடம் தானே போய்ச் சொல்லி நிச்சயத்தை முறித்துக்கொண்டான். காத்திருக்கிறேன் என்று ஆலிஸ் சொல்லி அனுப்பினாள். சில காலம் காத்திருக்கவும் செய்தாள். ரோசலின் அவளுக்காகப் புருஷனிடம் பேசிப் பார்த்தாள். இருதய வியாதிக்காரர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லையா, நீங்கள் சொன்னால் அவன் கேட்பானே என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். கடைசியில் ஆலிஸைப் புக்கிட் மெர்தாஜாமில் ரயில் உத்தியோகத்திலிருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாண விருந்தில் டிரஸ்ஸருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

வருஷங்கள் போயின. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு ஜார்ஜ் டவுன் கிறிஸ்தவர்கள் எல்லோரும் போவார்கள். அங்குள்ள சிறிய குன்றில் கிழவிகள்கூட ஜெபம் சொல்லிக்கொண்டு ஏறுவார்கள். ஆர்தர் கீழே மர நிழலில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஆலிஸ் தன் குழந்தைகளோடு வருவாள். அவனிடம் சுகம் விசாரிப்பாள். குழந்தைகளின் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு ஏறிப் போவாள். இதை வருஷா வருஷம் டிரஸ்ஸர் பார்த்தார். ஒரு திருநாளில் அங்கே பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை அறிக்கையிடப் போய், கோயில் குருவான சுவாமியிடம் சொல்லியும்விட்டார். அவனிடம் உண்மையைச் சொல்லாமல் இந்தப் பாவம் தீராது என்றார் சுவாமி. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு வெகுகாலம் பாவசங்கீர்த்தனத்துக்கே போகவில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புருஷனை ரோசலின் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். 1934-ல் ஆர்தரைத் தலைமைக் கிராணியாகச் சிங்கப்பூர் ஆபீசுக்கு மாற்றுவதென்று கம்பெனி முடிவு செய்தது. அதற்குக் கம்பெனி டாக்டர் உடம்பைப் பரிசோதித்துச் சொல்லவேண்டும். ஆர்தர் பயந்துகொண்டே போனான். டாக்டர் குழல் வைத்துக் கேட்டார், நடக்கவிட்டுக் கேட்டார், குதிக்கவிட்டுக் கேட்டார். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சிரித்தார்.

ஆர்தர் நேராக டிரஸ்ஸர் வீட்டுக்கு வந்தான். அமலம்மாளும் பின்னாலேயே வந்தாள். வந்தவன் டிரஸ்ஸரைக் கட்டிக்கொண்டான். உங்கள் மருந்து என்னைக் குணப்படுத்திவிட்டது என்றான். பெரிய டாக்டர்களால் ஆகாததை நம் டிரஸ்ஸர் செய்துவிட்டார் என்று அமலம்மாள் தெருவுக்கே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள்.

இனி யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பொய் தானாகவே உண்மையாக மாறி, மாலையும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அன்று முழுவதும் வந்தவர்கள் வாழ்த்தை வாங்கிக்கொண்டிருந்தார் டிரஸ்ஸர். மறுநாள் ஆபீஸ் விடும் நேரத்துக்குப் போய் ஆர்தரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். அலைத்தடுப்புச் சுவர் ஓரமாக நின்றார்கள்.

"தம்பி, ஒனக்கு வியாதியே இல்ல. அன்னைக்கும் இல்ல," என்றார்.

ஆர்தர் புரியாமல் பார்த்தான். டிரஸ்ஸர் பாறையில் வழுக்கியதையும், தமது பயத்தையும், அந்தக் காலையையும், சீசாவில் இருந்தது ஓமத்தண்ணீர் என்பதையும் நிறுத்தாமல் சொன்னார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆர்தர் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஆலிஸ் விஷயமா நான் வந்து கேட்டேனே. அப்பவும் தெரியுமா அண்ணே?"

"தெரியும்."

ஆர்தர் அவர் பக்கம் திரும்பினான். அடித்துவிடுவான் என்று டிரஸ்ஸர் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவன் நிறுத்தவில்லை. தாயாரிடமும் சொல்லவில்லை. பிரசங்கத்துக்கு முன் சுவாமி அவன் குணமானதைச் சொல்லி, டிரஸ்ஸர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரஸ்ஸர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னது காதில் விழுந்தது. பூசை முடிந்ததும் ஆர்தர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தான். டிரஸ்ஸரைக் கண்டதும் தாயாரைக் கூட்டிக்கொண்டு வேறு வாசல் வழியாக இறங்கிப் போனான்.

அன்று வீட்டுக்கு வந்து ரோசலினிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, ஆலிஸ் எத்தனை நாள் இந்த வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். அவரோடு வாழ்ந்தாள், சமைத்துப் போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் கொடுத்த மருந்தை அவள் குடித்ததில்லை.

ஆர்தர் சிங்கப்பூர் வேலையை ஏற்றுக்கொள்ளவில்லை. தாயாருக்கு முடியவில்லை என்று காரணம் சொன்னான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பாடகர் குழுவில் மறுபடி சேர்ந்தான். குரல் முன்போல் எழவில்லை. ஜெராய் மலைக்குப் போகலாம் என்று சபைப் பையன்கள் கூப்பிட்டபோது, அந்த ஆசை போய்விட்டது என்றான்.

டிரஸ்ஸரின் வீட்டுக்கு இப்போதும் ஆட்கள் வந்தார்கள். புண் என்றால் கட்டுப் போடுவார். மற்றதற்கெல்லாம், எனக்குத் தெரியாது, ஆசுபத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிடுவார். வயதாகிவிட்டதால் நிதானமாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒருநாள் ஆர்தர் உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்கு வந்தான். தகரம் கிழித்திருந்தது. அன்று வேலையில் இரண்டு டிரஸ்ஸர்கள் இருந்தார்கள். இளையவரிடம் கூட்டம் குறைவு. ஆர்தர் சற்று நின்று பார்த்துவிட்டு, அந்தோணிராஜின் வரிசையில் போய் நின்றான். முறை வந்ததும் கையை நீட்டினான்.

"ஆழமா?" என்று கேட்டான்.

அந்தோணிராஜ் துணியை அவிழ்த்துக் கழுவினார். விரல்களை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொருமுறை பார்த்தார்.

"தோல்தான் கிழிஞ்சிருக்கு. நரம்புக்கு ஒண்ணும் இல்ல. தையல் போடணும், வலிக்கும்," என்றார்.

"போடுங்க," என்றான் ஆர்தர்.

அந்தோணிராஜ் தையல் போட்டுக் கட்டும் போட்டார். முடிந்ததும் ஆர்தர் கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். அது மன்னிப்பா, அல்லது வெறும் காயத்துக்கு வந்ததுதானா என்று அந்தோணிராஜுக்குத் தெரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.