சுவிட்சை அணைக்காத அரை மணி நேரம்

என் மனைவியை அவளுடைய அண்ணன் ‘பியூஸ் புடுங்கி’ என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் அவள் அணைக்க மறந்த இஸ்திரிப் பெட்டி மெத்தையைத் தின்றுவிட்டுச் சுவர் வரை கருக்கியிருக்கிறது. அன்று பிடித்த பயம். இன்றைக்கும் அவள் ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் அங்கே ஒரு சுவிட்சும் போட்டபடி இருக்கக் கூடாது. பல் தேய்க்கப் போகிறவள் வாயில் நுரையோடு திரும்பி வந்து அடுப்பு சுவிட்சைத் தடவிப் பார்ப்பாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோய் வருவதற்குள் டிவி இருண்டிருக்கும்.

தொழிலாளர் சீருடைகளுக்கு பேட்டர்ன் வரைவது அவள் வேலை. லேப்டாப்பில் வரைந்து அனுப்பினால், கட்டிங் மாஸ்டர் அதை வைத்துத் துணி வெட்டுவார். இந்த நாட்டுக்கு அவளைக் கூட்டி வந்தது அந்த வேலைதான். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போனால் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை மதியத்துக்குள் ஒரு ஜாக்கெட் பேட்டர்ன் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் கை நுழைகிற இடம் இறுக்கமான பழைய பேட்டர்னிலேயே வெட்டிவிடுவார்கள். வெட்டிய துணி வெட்டியதுதான், அவள் வேலையும் போனதுதான். வெள்ளிக்கிழமையே வரைந்து முடித்தவள், கடைசியாக ஒருமுறை சரிபார்த்து அனுப்பலாமென்று லேப்டாப்பை அணைக்காமல் மூடிவைத்தாள். சுவர் சுவிட்சை மட்டும் மறக்காமல் அணைத்தாள். மூடிக்குள் அரைத்தூக்கத்தில் கிடந்த லேப்டாப் பேட்டரியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டது. இன்னொரு பிரதியும் கிடையாது. யாராவது திருடிவிடுவார்கள் என்று இணையத்தில் எதையும் ஏற்றி வைக்க மாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டனை அழுத்தினால் மூச்சே இல்லை. சார்ஜரைச் சொருகினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. சார்ஜர் கட்டை மட்டும் லேசாகச் சூடானது. சூட்டைத் தொட்டதும் பிடுங்கினாள். ஆறியதும் சொருகினாள். மறுபடி சூடு, மறுபடி பிடுங்கல். நான் எதிரே உட்கார்ந்து பட்டனை அவளுக்குப் போட்டியாக அழுத்திக்கொண்டிருந்தேன். என் மனது ஏற்கெனவே விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்றெல்லாம் ஓடியது.

கடைசியில் ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஸ்பீக்கரில் நடந்தது முழுவதையும் கேட்டார்.

“அது சுத்தமா செத்த பேட்டரி. கண்ணு முழிக்கவே நேரம் ஆகும். நீ ஒரு வாய்கூட அதைத் திங்க விடலையே” என்றார்.

“சூடாகுதுண்ணா.”

“கை பொறுக்குதா?”

“பொறுக்குது.”

“கருகுற வாடை ஏதாச்சும்? எங்கயாவது உப்பியிருக்கா?”

இல்லை என்றாள்.

“அப்போ வேலை செய்யுதுன்னு அர்த்தம். சார்ஜரை எடுத்துட்டு, பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுட்டு விடு. திரும்பச் சொருகு. அரை மணி நேரம் ரெண்டு பேரும் தொடக் கூடாது. மாப்ள, அவ கையைப் பிடிச்சுக்கங்க.”

அவர் சொன்னபடி அவள் சொருகி முடித்ததும் நிஜமாகவே பிடித்துக்கொண்டேன். கை ஐஸாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் உதறிக்கொண்டு எழுந்தாள். பிடுங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியைத் தூக்கி வந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

“தீப்பிடிச்சா மண்ணைக் கொட்டிடலாம்.”

“செடி?”

“விசா பெரிசா, செடி பெரிசா?”

சார்ஜர் கட்டையின் மேல் அடிக்கடி உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள். சுவிட்ச் பக்கம் நீண்ட விரலை அவளே மடக்கிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு விளக்கு எரிந்தது. உடனே அழுத்தப் போன என் கையில் ஓர் அடி விழுந்தது. அண்ணன் சொன்ன நேரம் முடிந்த பிறகுதான் அவளே அழுத்தினாள். திரை வெளுத்தது. ஜாக்கெட் அப்படியே இருந்தது. அனுப்பினாள். துணியை விரித்துவிட்டுக் காத்திருந்ததாக கட்டிங் மாஸ்டர் பதில் போட்டிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் லேப்டாப் சுவிட்ச் ஒன்று மட்டும் அணைவதில்லை. அதன் பக்கத்தில் அந்தப் பூந்தொட்டி காவலுக்கு நிற்கிறது. வெயில் படாமல் இலையெல்லாம் பழுத்துவிட்டது. ஜன்னலோரம் திருப்பி வைக்க இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.