சம்படத்தில் வந்த பால்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் சோதிப்பது என் வேலை. எந்த பாட்டிலைக் கண்டாலும் யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று கேட்காமல் மூடியைத் திறக்க மாட்டேன். இந்தப் பழக்கம் வேலையில் பாராட்டு வாங்கித் தந்தது. புகுந்த வீட்டில் வாங்கித் தந்தது வேறு.

என் மகள் பத்து வாரம் அவசரப்பட்டுப் பிறந்தாள். ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். எனக்கோ பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பம்போடு அரைமணி நேரம் போராடினால் பாட்டிலின் அடி நனையும். அதற்கும் தேதி, நேரம் எழுதி லேபிள் ஒட்டினேன்.

மூன்றாம் நாள் திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து கணவரின் அக்கா வந்தார். அவரிடம் நான்கு மாதக் கைக்குழந்தை, பாலுக்குப் பஞ்சமில்லை. பையிலிருந்து ஓர் எவர்சில்வர் சம்படத்தை எடுத்து நீட்டினார். ஷேர் ஆட்டோவில், வெயிலில் வந்த பால்.

"இந்தா, கொயந்திக்கு குட்து வுடு."

"அண்ணி, வேற ஒருத்தர் பாலை அப்படியே குடுக்கக் கூடாது. வைரஸ் வரலாம். இவ தாங்க மாட்டா." எச்.ஐ.வி. என்று முதல் விரலை மடக்கினேன். என் பட்டியல் அதோடு முடிந்தது.

"இன்னாமே, எனக்கு எய்ட்ஸ் கீதுன்றியா? எம் பாலு கலீஜா? எங்கம்மா மீன் ஏலத்துக்கு பூட்டா உன் வூட்டுக்காரனுக்கு எதுர் வூட்டு அத்த குட்துச்சி, பக்கத்து வூட்டு சித்தி குட்துச்சி. இன்னா கொறஞ்சி பூட்டான்?"

குறையாத அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

செவிலியர் வந்து பஞ்சாயத்தை முடித்தார். இங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் தேறினால், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அண்ணி அங்கேயே கையை நீட்டினார். "எத்தினி பாட்லு வோணுமோ எடு." சம்படத்துப் பாலைக் கைகழுவும் தொட்டியில் கொட்டும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி தேறினார்.

அத்துடன் நான் வாயை மூடியிருக்கலாம். படித்தவள் ஆயிற்றே, பாலில் வேறென்ன வைரஸ் வரும் என்று டாக்டரிடம் கேட்டேன். சைட்டோமெகலோ என்றார். பெரியவர்கள் பலரின் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருப்பது. பிள்ளை பெற்றதும் விழித்துப் பாலில் இறங்கும். நிறைமாதக் குழந்தையை அநேகமாக ஒன்றும் செய்யாது. குறைமாதக் குழந்தையைச் சில சமயம் படுக்கவைத்துவிடும். என் ரத்தத்தைப் பார்த்தார்கள். குடியிருந்தது.

"பாலை நிறுத்த வேண்டாம். கொஞ்ச வாரம் உங்க பாலையும் சூடாக்கியே குடுப்போம்" என்றார் டாக்டர்.

லேபிள் ஒட்டிய என் பாட்டில், அண்ணியின் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதே வெந்நீர்த் தொட்டியில் நின்றது. செய்தி குப்பம்வரை போனது. அண்ணி தலை நிறைய மல்லிப்பூவோடு துக்கம் விசாரிக்க வந்தார். "பெத்தவ பாலையே கொதிக்க வெச்சிட்டாங்களாமே!"

ஆனால் பரிசோதனைக்கு முன்பே என் பச்சைப் பால் மகளுக்குள் போயிருந்தது. எத்தனை முறை, எவ்வளவு, எந்த நேரம் என்று எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். லேபிள் ஒட்டியவள் நான்தானே. பெட்டியின் கருவி பீப் என்றபோதெல்லாம் அந்த நேரங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஐந்தாம் வாரம் மகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். வைரஸ் இல்லை. நன்றாக வளர்ந்துவிட்டாள், இனி நேரடியாகவே கொடுக்கலாம் என்றார் டாக்டர். அவளை என் மார்பில் போட்டார்கள். லேபிள் ஒட்ட இடமில்லை.

அன்றும் வந்திருந்த அண்ணி குனிந்து பார்த்தார். "இன்னாமே, சூடு பண்ணாம குட்க்கிற? பயமா இல்ல?"

"பயமாத்தான் இருக்கு, அண்ணி."

"ஐய, கைய எடு மொதல்ல. கொயந்த மூக்க அமுக்கிகினு கீற" என்று மகளின் தலையைப் பிடித்துச் சரியாக வைத்தார்.