இரண்டாவது தடவை கேட்பார்கள்

எபனேசருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஆறடி இடம்தான். ஆனால் அது குறிப்பிட்ட ஓர் இடம். பாளையங்கோட்டையில் அவர்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், கீழ்வரிசையில், மனைவி பிரிஸில்லாவுக்குப் பக்கத்தில். அவளை அடக்கம் செய்த அன்றே குருவானவரிடம் பேசி அதைத் தனக்கென்று உறுதி செய்து வைத்திருந்தார். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கல்லறைக்குப் போய்விடுவார். அழ மாட்டார். தெருவில் யார் வீட்டில் கல்யாணம், தக்காளி என்ன விலை, இன்றைக்குப் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவார்.

அந்த இடத்துக்கு வினை சாக்கடையாக வந்தது. மேட்டில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரும் தெரு ஓடையில் சேர்ந்தபின் ஓடை தாங்கவில்லை. தோட்டத்து மதிலை அடியில் அரித்துக்கொண்டு தண்ணீர் கறுப்பாக உள்ளே கசிந்தது. கீழ்வரிசைக் கல்லறைகள் சாயத் தொடங்கின. சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி மனம் நொந்துதான் முடிவெடுத்தது. ஓடையை வேறு பக்கம் திருப்பாவிட்டால், அடுத்த பெருமழைக்குப் பிறகு கீழ்வரிசை முழுவதும் மண்ணடித்து மூடப்படும். அதன்பின் அங்கே அடக்கம் கிடையாது.

எபனேசர் மாநகராட்சிக்கு மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்த நாளில்தான் டீக்கடை மாரிக்கண்ணு அந்தச் சேதியைச் சொன்னான்.

"வார்டுக்குக் கமிட்டி போடுதாவளாம் அண்ணாச்சி. பகுதிக்கு ஒரு ஆளு. எந்த ஓடைய வெட்டணும், எங்க லைட்டு போடணும்னு கவுன்சிலரம்மா கூட உக்காந்து அந்த ஆளுதான் சொல்லுமாம். நீரு போயி கேளும்."

"நானாப் போயி எப்பிடி வே கேக்கது? அசிங்கமா இருக்காது?"

"பின்ன, ஒமக்காவ ஒம்ம வீட்டம்மாவா எந்திரிச்சி வந்து கேப்பாவ?"

சொன்ன பிறகு மாரிக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்று எபனேசரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. சாயங்காலம் அவனே கவுன்சிலர் நஸீமா வீட்டுக்குப் போய், எங்கள் தெருவில் இப்படி ஒரு படித்த மனிதர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டும் வந்தான். கூட்டத்தில் தானே பெயரைச் சொல்லிக் கேட்பதாக அந்த அம்மாள் வாக்குக் கொடுத்தாள்.

எபனேசர் வளர்ந்த சபையில் இதற்கென்று ஒரு முறை உண்டு. யாரும் தன் பெயரைத் தானே சொல்வதில்லை. வேறொருவர் சொல்ல வேண்டும். சொன்னதும் எழுந்து, "வேண்டாம், என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்" என்று மறுக்க வேண்டும். மறுக்காமல் சரி என்றவனைப் பதவிப் பேய் பிடித்தவன் என்று வீட்டுக்கு வீடு பேசுவார்கள். மறுத்தவரைச் சபை விடாது. இன்னொரு முறை வருந்தி அழைக்கும். அப்போது தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்ளலாம். எபனேசர் சேகரப் பொருளாளர் ஆனது அப்படித்தான். பிரிஸில்லாவைப் பெண் பார்க்கப் போன வீட்டில், பசியோடிருந்தும் முதலில் வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் கேசரியைச் சாப்பிட்டார்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். எபனேசர் சலவைச் சட்டை போட்டு, முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தார். நஸீமாவுக்கு அடுத்து வேறொரு பகுதியில் கூட்டம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

"எபனேசர் சார் வந்திருக்கீங்களா? மாரிக்கண்ணு அண்ணன் ஒங்களப் பத்தி ரொம்பச் சொன்னாங்க. இந்தப் பகுதிக்கு நீங்க இருக்கீங்களா?"

எபனேசர் எழுந்தார்.

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார், அடுத்த அழைப்புக்காக.

நஸீமா மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். அங்கே வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். "சரிங்க சார், ஒங்க வயசுக்கு அலைய விடக் கூடாதுதான். வேற யாரு இருக்கீங்க?"

"நான் இருக்கேம்மா" என்று ஒரு கை உயர்ந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் பட்டாபி. மும்பையில் உத்தியோகம் பார்த்து முடித்துத் திரும்பியவர். "தெரு நாய்த் தொல்லைக்கு ஒரு வழி பண்ணணும். கார்த்தால வாக்கிங் போக முடியலை."

கைதட்டினார்கள். எபனேசர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உக்காரும். மறைக்குது" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

வெளியே வந்ததும் மாரிக்கண்ணு பிடித்துக்கொண்டான். "என்ன காரியம் வே பண்ணுனீரு?"

"ரெண்டாவது தடவ கேப்பாவன்னு இருந்தேன்."

"இது என்ன கல்யாணப் பந்தியா? நீரு எலைய மறைக்க மறைக்க அவுக சோத்த வைக்கதுக்கு?"

மறுநாள் காலை நஸீமா வீட்டு வாசலில் நின்றார் எபனேசர். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றை வாய்விட்டுக் கேட்டார். அவள் பதறிப்போனாள்.

"அல்லாவே! நீங்க சொன்னத நெசம்னுல்ல நெனச்சேன். பேரு மேல போயிடுச்சே சார். ஊரறிய கைதட்டி எடுத்தவர எப்படி வேண்டாம்னு சொல்ல? பட்டாபி சார்ட்ட சொல்லுங்க. நல்ல மனுசன்தான்."

நல்ல மனிதர்தான். எபனேசரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, முழுவதும் கேட்டார். "அவசியம் எடுத்துச் சொல்றேன். அந்த ஓடை எங்கேர்ந்து சார் வர்றது?"

"ஒங்க குடியிருப்புக்குப் பின்னாலேருந்துதான்."

பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓகோ. அப்போ எங்க அசோசியேஷன்லயும் ஒரு வார்த்தை கேக்கணுமே."

அதன்பின் நடந்த கூட்டங்களில் நாய்களைப் பற்றிப் பேசினார்கள். பூங்காவுக்கு விளக்கு வந்தது. எபனேசர் ஒவ்வொரு தடவையும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒருமுறை எழுந்தும் பேசினார். உங்கள் பகுதி உறுப்பினர் மூலமாக வரட்டும் என்றார்கள். உறுப்பினர் திரும்பிப் பார்த்து, கவனத்தில் இருக்கிறது என்று கையால் சைகை காட்டினார்.

மார்கழி பிறந்த வேளையில் அந்தப் பெருமழை வந்தது. தாமிரபரணி கரைகளை மறந்து ஓடியது. பஸ் நிலையமும் கடைத்தெருவும் முழுகிக் கிடந்தபோது ஒரு கல்லறைத் தோட்டத்தை யார் நினைப்பார்கள்? தண்ணீர் வடிந்து எபனேசர் போய்ப் பார்த்தபோது மதில் விழுந்திருந்தது. கீழ்வரிசை முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சகதியாகக் கிடந்தது. சிலுவைகள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. எது யாருடையது என்று பெயர் தெரியவில்லை.

கமிட்டி சொன்னதைச் செய்தது. லாரி லாரியாகச் செம்மண் வந்தது. ஜேசிபி ஒரே நாளில் நிரவிவிட்டது.

வேலை முடிந்தபின், சேகரக் கமிட்டியிலிருந்த டெபோரா அவரை மேல்வரிசைக்குக் கூட்டிப் போனாள். கேட்டை ஒட்டி ஓர் இடம். இரண்டு பக்கமும் அவருக்குப் பழக்கமில்லாத குடும்பங்கள்.

"கீழ எடம் வெச்சிருந்தவங்களுக்கெல்லாம் இங்கனதான் அண்ணாச்சி குடுக்கோம்."

எபனேசர் கீழே பார்த்தார். மைதானம்போல் ஒரே செம்மண் பரப்பு.

"அவ எங்கன கெடக்கா, ஒனக்கு அடையாளம் தெரியுதாம்மா?"

டெபோராவும் பார்த்தாள். கையை நீட்டப் போய், பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"இது நல்ல மேடு அண்ணாச்சி" என்றாள். "இங்கன தண்ணி ஏறாது."

"ஏறாதும்மா" என்றார் எபனேசர்.