திருப்பிக் கொடுத்த பேர்

இர்மா நோவிட்ஸ்கி வெகுகாலம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரித்தவள். ஒரு வீட்டில் கண்டதை இன்னொரு வீட்டில் வாய்திறக்க மாட்டாள் என்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரத் தெற்குப் பக்கத்தில் அவளுக்குப் பேர். அந்த நாக்கு ஒருமுறை வழுக்கியது.

இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளி. மாதா கோயிலின் கீழ்க்கூடத்தில் மீன் வறுவல் விருந்து. மாவு கரைத்தபடி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள்: "நம்ம டார்லா சின்ன வயசுல திருடி ஜெயிலுக்குப் போனவதானே!"

டார்லாவுக்கு இந்த வேலையைப் பழக்கியதே இர்மாதான். அப்போது டார்லாவே இவளை நம்பிச் சொன்ன விஷயம் அது. இன்று அவள் கை சுத்தம். ஆனாலும் சில நாளில் இரண்டு வீட்டுக்காரர்கள் டார்லாவை வரவேண்டாம் என்றார்கள். அதில் ஒன்று, எண்ணெய்ச் சட்டியருகே நின்று எல்லாம் கேட்ட ஜோனின் அம்மா வீடு.

இர்மா பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிட, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"உள்ளதைத்தான் சொன்னேன் சாமி. பொய் இல்ல."

"அதான் சிக்கலே. பொய்யா இருந்தா, பொய்னு ஒத்துக்கிட்டு முடிச்சிரலாம். உண்மையை எப்படிம்மா இல்லேங்கிறது?"

"ஜெபமாலை சொல்றேன்."

"சொல்லு. அது டார்லாவுக்குச் சோறு போடுமா? கெடுத்த பேரை நீதான் கட்டிக் கொடுக்கணும்."

அடுத்த வெள்ளி மாவு கரைக்கும்போது இர்மா டார்லாவைப் புகழ்ந்தாள். பொறுமைசாலி, நோயாளிக்குப் படுக்கைப் புண் வர விடமாட்டாள் என்றாள். ஜோன் சிரித்தாள்.

"அடேயப்பா! அப்போ உன் வீட்டுக்காரரை அவகிட்ட விடுவியா?"

கணவர் ரேமண்ட் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து இர்மா வேறு யாரையும் அவரைத் தொட விட்டதில்லை. மாவுக்குள் கை நின்றது. பிறகு கையைத் துடைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போன் போட்டாள்.

"டார்லா, நாளைலேருந்து ரேமண்டைப் பாத்துக்க வர்றியா? காலைல நான் பூசைக்குப் போகணும்."

"ஏன், என்னைப் பத்திச் சொல்றதுக்கு இன்னும் ஏதாவது வேணுமா?"

"சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. வீட்டுச் சாவியையும் உன்கிட்டயே தந்துடறேன்."

டார்லா கேட்டாள்: "எந்தப் பக்கம் வலு இல்ல?"

"இடது. திருப்பும்போது தோளை இழுக்காதே."

"தெரியும். நீதானே சொல்லிக் கொடுத்தே."

இர்மா போனை வைத்தாள். ஜோன் மீனைப் புரட்டியபடி, இவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அம்மாவுக்கு இன்னும் ஆள் கிடைக்கல."

"அவளையே கேளு," என்றாள் இர்மா. "ரேமண்டுக்குப் போக மிச்ச நேரந்தான் உனக்கு. மீன் கருகுது, பாரு."